ஷோகேஸுக்குள் சாம்பிராணி

கயலு, அப்பா உன் கையில் இரண்டு சாமான் கொடுத்திருப்பார். ஒன்று, பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. இன்னொன்று இந்தக் கடிதம். பெட்டியை இப்போது பிரிக்காதே. ஃபேன் காற்று நேராக அடிக்காத இடமாகப் பார்த்து நிமிர்த்தி வைத்துவிட்டு, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு முதலில் இதைப் படி. சாப்பிட்டாயா? சாப்பிடாவிட்டால் சாப்பிட்டுவிட்டு வந்தே படி. எட்டு மாதம் தாமதமாக எழுதுகிறேன், இன்னும் அரை மணி நேரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்த வாரத்தில் மூன்று தடவை அதற்காகவே போனை எடுத்தேன். மூன்று தடவையும் "தலைய நல்லாத் துவட்டுனியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். "என்னம்மா, என் தலைக்கு என்ன ஆச்சு?" என்று நீகூடச் சிரித்தாய். உன் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, தாயி. என் மனசில்தான் ஒன்று கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

முந்தாநாள் இராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார். கோவையில் தோட்டக்கலைப் படிப்புக்கு இரண்டாம் சுற்றில் உனக்கு இடம் வந்திருக்கிறதாம். வருகிற திங்கள்கிழமைக்குள் சேருகிறேன் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லவேண்டுமாம். நீ வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாயாம். மதுரையில் சேர்ந்த பி.காமிலேயே இருந்துவிடுகிறேன் என்றாயாம். ஏன் என்று அப்பா கேட்டதற்கு நீ சொன்னதையும் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "பத்துச் செடியக் காப்பாத்தத் தெரியாதவளுக்கு எதுக்குப்பா அந்தப் படிப்பு?" என் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. கயலு, அந்தப் பத்துச் செடியையும் நீ கொல்லவில்லை. நான்தான் கொன்றேன். எப்படி என்று சொல்கிறேன். நீ கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் சிரிக்கவும் செய்வாய் என்று நம்புகிறேன். கோபப்படாமல் இருக்காதே. அதற்கும் இடம் விட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ஷோகேஸ் இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். பழனியில் உன் தாத்தாவுக்கு மலைவாழை யாவாரம். பஞ்சாமிர்தம் போடுகிற கடைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பார். மலையிலிருந்து லாரி காயை ஏற்றிக்கொண்டு இறங்கும், காலியாகத் திரும்பும். என் கல்யாணத்துக்குச் சீராகச் செய்த அந்தத் தேக்கு ஷோகேஸை அப்படித் திரும்பிப் போன லாரி ஒன்றில்தான், வாழைச் சருகைச் சுற்றி ஏற்றி அனுப்பினார். ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் பக்கத்துக் கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது. உன் அப்பா கொடைக்கானல் பஜாரில் அலைந்து வேறு கண்ணாடி போட்டார். அது மட்டும் லேசாகப் பச்சை அடித்தது. என் வீட்டு ஆட்கள் வந்தால் கண்ணில் படக்கூடாது என்று அந்தப் பக்கத்தை ஜன்னல் ஓரமாகத் தள்ளிவைத்தேன். அன்றைக்கு எனக்கு இருபது வயது. வேதியியல் பட்டம் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டுச்சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இந்த ஊரில் மனிதர்கள் எப்படிக் குளிக்கிறார்கள் என்று அழுதுகொண்டிருந்தேன்.

அந்த ஷோகேஸில் என்ன வைத்திருந்தேன் என்று நினைவிருக்கிறதா? ரோஜாப்பூ போட்ட டின்னர் செட். ஒருவர்கூட அதில் சாப்பிட்டதில்லை. மாலை போட்ட பொம்மை ஜோடி, மாவுக்கல் தாஜ்மகால், அப்புறம் ஓட்டப்பந்தயத்தில் நீ வாங்கிய கோப்பைகள். வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி ஆவி ஊதுவாய், நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வருவேன். இந்த வீட்டில் எதையும் நான் சும்மா விட்டதில்லை. குளிர் உள்ளே வரும் என்று ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகினேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் தொப்பியும் மப்ளரும் போட்டு உன்னை அனுப்பினால், பஸ் ஏறும் இடத்தில் உன் வகுப்பே உன்னைப் பார்த்துச் சிரிக்கும். பயந்தாங்கொள்ளிதான் நான், ஒத்துக்கொள்கிறேன். பயத்தை நான் பாசம் என்று பேர் வைத்து வளர்த்தேன்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஆடலூரில் உன் தோழி வீட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய், வெல்வெட் துணி மாதிரி இலை விட்ட ஆந்தூரியம் ஒன்றைத் தொட்டியோடு கொண்டு வந்தாய். அங்கே வராந்தாவில் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்த செடி. இங்கே வந்து பத்தே நாளில் இலை ஓரம் கருகிச் சோர்ந்துவிட்டது. நீ அதை அடுப்படிக்கும் ஹாலுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தாய். ஒருநாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"ம்மா, ஷோகேஸ எனக்குத் தர்றியா?"

"எதுக்கு?"

"செடிக்கு."

"செடி வைக்க ஊரே கெடக்கு. வெளிய கொண்டுபோயி நடு. பூ பாக்கத்தான இந்த ஊருக்கே ஆளு வருது?"

"அது இந்த ஊருச் செடிம்மா. இது கீழ இருந்து வந்தது. குளிரு தாங்காது. உன்ன மாதிரி."

 அப்பாதான் ஜீப் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "குடுத்துரு புள்ள. எந்த மகராசன் வந்து சாப்பிடுவான்னு அந்தத் தட்டும் காத்துக் காத்துப் பாக்குது." 'உன்ன மாதிரி' என்று நீ சொன்னாயே, அதற்காகத்தான் கொடுத்தேன். இந்த வீட்டில் எனக்குக் குளிருகிறது என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு மாதம் ஹாலில் நடமாட முடியவில்லை. மூஞ்சிக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற காதர் பாய் துளை போடுகிற மெஷினோடு வந்தார். என் தேக்குப் பலகையில் அந்த மெஷின் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தங்கச்சி, துளைதான் போடுறேன், உங்க காதுலயா போடுறேன்?" என்றார் அவர். நீ அடிப்பலகைக்குத் தண்ணீர் இறங்காத பெயின்ட் இரண்டு கை அடித்தாய். கண்ணாடித் தட்டுகளை எடுத்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் போகிற மாதிரிக் கம்பித் தட்டு போட்டாய். கதவு இடுக்கெல்லாம் ஸ்பாஞ்சு டேப் ஒட்டினாய். மேலே வெள்ளை எல்.ஈ.டி. பட்டைகள், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன் இரண்டு, கீழே தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும், கதவில் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர். ஆந்தூரியத்துக்குத் துணையாக இன்னும் ஒன்பது செடி சேர்த்து, எந்தத் தொட்டி எங்கே என்று நோட்டில் படம் போட்டாய். தாஜ்மகால் பீரோ மேலே போனது. பொம்மை ஜோடி அட்டைப் பெட்டிக்குள் குடித்தனம் போனது.

முதல் தடவை விளக்கைப் போட்ட அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன். வெளியே பனிமூட்டம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. உள்ளே, என் சீர்ப் பெட்டிக்குள், கண்ணாடியெல்லாம் வியர்த்து, அதற்குப் பின்னால் ஒரு குட்டிக் காடு நின்றது. அப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தவர் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ கயலு, இதுக்கு டிக்கெட் போட்டா நான் ஜீப்பு ஓட்டவேண்டியது இல்லலே" என்றார். பெண்பிள்ளையை 'லே' போட்டுக் கூப்பிடுகிறாரே என்று நான் முறைத்தேன். அன்றிலிருந்து நம் வீட்டில் யாரும் டி.வி. போடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஷோகேஸ் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். கதவைத் திறந்தால் பழனி வெயிலில் மழை பெய்து நின்ற மாதிரி ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும். நீ இல்லாத நேரத்தில் நான் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு வைத்திருப்பேன். இதையும் சேர்த்து இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

இனிமேல்தான் அந்த வெள்ளிக்கிழமை. தை மாதம். நீ அந்த நோட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் திண்டுக்கல் போயிருந்தாய். இரண்டு நாள். போகும்போது, "ம்மா, நீ ஒண்ணுமே செய்ய வேணாம். தொறக்கவே தொறக்காத" என்றாய். அன்றைக்குப் பழனியிலிருந்து என் அக்கா வருவதாக இருந்தது. ஒரு வாரமாக அந்தத் தொட்டி மண்ணிலிருந்து பொடி ஈ கிளம்பி ஹாலில் பறந்துகொண்டிருந்தது. என் அக்காவை உனக்குத் தெரியாதா? பெரியம்மா வாசலில் கால் வைக்கும்போதே மூக்கைச் சுருக்கிக்கொண்டுதான் வைப்பாள். தலைக்குக் குளித்துவிட்டு வழக்கம்போல வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். பூஜை அலமாரி, பீரோ, அரிசி டின் இருக்கிற மூலை, எல்லாவற்றுக்கும் காட்டினேன். ஷோகேஸ் முன்னால் வந்ததும் ஒரு யோசனை. புகைக்கு ஈ ஓடிவிடும் அல்லவா? ஐந்தே நிமிடம். தூபக்காலை அடித்தட்டில், கூழாங்கல் மேலேயே வைத்தேன். ஃபேன் புகையை எல்லாம் ஹாலுக்குத் தள்ளியது. அதனால் ஃபேனை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். நீ அத்தனை கவனமாக ஒட்டிய ஸ்பாஞ்சு டேப், ஒரு பொட்டுப் புகையைக்கூட வெளியே விடவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் அக்கா குரல். "என்னடி, கொடைக்கானல்ல குளிருங்கிற, எனக்கு வேர்த்துக் கொட்டுது!" அவள் உட்கார்ந்தாள், காப்பி கேட்டாள், ஆயக்குடிக் கொய்யாவைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், சம்பந்தி வீட்டுச் சண்டையை ஆரம்பித்தாள். ஹாலில் அல்ல, அடுப்படியில். வெந்நீர் அடுப்புப் பக்கம் எனக்குக் கதகதப்பாக இருக்கும் என்று நான்தான் அங்கே கூட்டிப்போனேன். சண்டை முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்புறம் அவளே, "ஏன்டி, உள்ள ஏதோ மேகம் மாதிரி தெரியுது?" என்று ஹாலைக் காட்டினாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உன் காடு முழுக்க வெள்ளையாக நின்றது.

நான் யாருடைய மகள், கயலு? பழனியில் வாழைக்காய்க்கு மூட்டம் போடுகிறவர் மகள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை இருந்தது. தார் தாராகக் காயை அடுக்கி, நடுவில் புகைச் சட்டியை வைத்து, கதவு இடுக்கையெல்லாம் மண்ணால் பூசி அடைப்பார்கள். மறுநாள் திறந்தால் பச்சைக் காய் மஞ்சளாகி நிற்கும். அந்த வாசத்துக்காகவே வாசலில் காத்துக் கிடந்தவள் நான். கல்லூரியில் வேதியியல் எடுத்தபோது, புகையில் இருக்கிற எத்திலீன்தான் அந்த வேலையைச் செய்கிறது, அதுதான் இலையை மஞ்சளாக்கி உதிர வைப்பதும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். அடைத்த பெட்டிக்குள் புகை போட்டால் என்ன ஆகும் என்று இந்த மலையில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றால் அது எனக்குத்தான். என் அப்பா வாழைக்காயைப் பழுக்க வைத்த மாதிரியே, நான் உன் செடிகளைப் பழுக்க வைத்துவிட்டேன்.

அன்றைக்கே தெரியவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன், பச்சையாகத்தான் இருந்தது. சரி, ஒன்றும் ஆகவில்லை என்று சாமியைக் கும்பிட்டுவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை பரிசுக் கேடயத்தோடு வந்து இறங்கினாய். வாசலிலிருந்தே, "ம்மா! முதல் பரிசு!" என்று கத்திக்கொண்டு நேராக ஷோகேஸிடம் ஓடினாய், என்னிடம்கூட அல்ல. அப்போது இரண்டு இலை மஞ்சள் கட்டியிருந்தது. புதன்கிழமைக்குள் காம்புகள் மட்டும்தான் நின்றன. "ம்மா, கரண்டு ஏதும் போச்சா?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். "ஆமா, கொஞ்ச நேரம் போச்சு" என்றேன். அந்த ஒரு பொய்தான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மிச்சத்தை எல்லாம் நீயே உன் தலையில் போட்டுக்கொண்டாய். கரண்டு போனால் என்ன செய்வது என்று யோசிக்காதது உன் தப்பு, ஊருக்குப் போவதற்கு முன்னால் உரம் கொடுத்தது உன் தப்பு, ஃபேனைச் சின்னதாகப் போட்டது உன் தப்பு. கேடயத்தை நான் ஷோகேஸ் மேலே வைத்தேன். நீ அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாய்.

காதர் பாயைக் கூப்பிட்டு ஒயரைப் பார்க்கச் சொன்னாய் அல்லவா? அவர் தலையை உள்ளே விட்டு ஸ்பாஞ்சு டேப்பை முகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். உன்னிடம், "ஒயரு சுத்தமா இருக்கு பாப்பா. உம் பேர்ல ஒரு தப்பும் இல்ல" என்றார். நீ நம்பவில்லை. அவரை வாசல் வரைக்கும் அனுப்பப் போன இடத்தில் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏந்தங்கச்சி, செடிக்குப் பேய் கீய் பிடிச்சிருச்சா, சாம்பிராணி போட்டீங்க?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, அவகிட்டச் சொல்லிராதீங்க." "நான் சாமான் விக்கிறவன்மா, சேதி விக்கிறவன் இல்ல. ஆனா நீங்களே சொல்லிருங்க. வெரசாச் சொல்லிருங்க. புள்ளைங்க மனசுல சில்லறச் சோலியெல்லாம் பெரிசா ஒக்காந்துக்கிரும்." தலையை ஆட்டினேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே எழுதக் கஷ்டமான இடம். முதல் வாரம் வெட்கம். இரண்டாவது வாரம், பரீட்சை நேரத்தில் எதற்கு என்று ஒரு சாக்கு. அதற்கப்புறம் நீ ஒருநாள், "தோட்டக்கலைக்கு விண்ணப்பம் போட்டுவச்சேன், ஆனா எனக்கு அது சரிப்படாதும்மா. மதுரையிலேயே பி.காம் சேந்துக்கிறேன்" என்றாய். கயலு, அப்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. மதுரை என்றால் பக்கம். பி.காம் என்றால் கூரைக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கோவை தூரம், வயல் வரப்பு, வெயில், பாம்பு என்று நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த பட்டியல் முழுவதும் ஒரே நாளில் தீர்ந்துபோனது. என் பொய் எனக்கு வேண்டியதைச் செய்துகொடுத்துவிட்டது, அதனால்தான் அதை அப்படியே விட்டுவைத்தேன். சாம்பிராணி போட்டது அசட்டுத்தனம். அதற்கு நீ என்னை ஆயுசுக்கும் கேலி செய்துகொள்ளலாம். இதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ மதுரை போன மறுவாரம், ஷோகேஸை மூடிப் போர்த்தியிருந்தாயே அந்தப் போர்வையை எடுத்தேன். டின்னர் செட்டைத் திருப்பி அடுக்கலாம் என்றுதான். உள்ளே நீ தூக்கிப் போட மனசில்லாமல் விட்டுப்போன தொட்டிகள், எல்லாம் காய்ந்த கட்டை. அடித்தட்டில் ஜன்னல் பக்கத்து மூலையில் மட்டும், அந்தப் பச்சைக் கண்ணாடியை ஒட்டி இருந்த ஆந்தூரியக் கட்டையில், பாசிக்கு நடுவே ஒரு முளை. அரிசி அளவு. போர்வை அந்தப் பக்கத்தை மூடவில்லை. உடைந்த கண்ணாடி தெரியக்கூடாது என்று பதினெட்டு வருடமாக நான் ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேனே, அந்தப் பக்கம் வழியாக வெளிச்சம் போயிருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ.

உன் நோட்டைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு நாளும் நீ எழுதியிருந்த ஈரப்பதம், வெப்பம், விளக்கு எரிந்த நேரம் எல்லாம் முத்து முத்தாக. கடைசிப் பக்கத்தில் 'எல்லாச் செடியும் போச்சு' என்று எழுதி, அதற்குக் கீழே 'காரணம்: நான்' என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். மறுநாள் காலையில் வெள்ளனே காதர் பாய் கடைக்குப் போய் நின்றேன். "சொல்லிட்டீங்களா?" என்றார். "இல்லண்ணே, ஒரு டைமர் குடுங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டைமரை எடுத்துக் கொடுத்தார். நீ எழுதிய மாதிரியே விளக்கு, நீ எழுதிய மாதிரியே தண்ணீர். நீ விட்ட இடத்திலிருந்து தினமும் இரண்டு வரி நானும் எழுதுகிறேன். முதல் இலை விரிந்த அன்றைக்கு அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். இப்போது அந்தக் கட்டையில் நான்கு இலை, பக்கத்தில் ஒரு குட்டி. ஆடலூரில் உன் தோழியின் அம்மாவிடம் கேட்டு இன்னும் மூன்று செடி வாங்கி வைத்திருக்கிறேன். டின்னர் செட்டுக்கு இனி இடம் கிடையாது என்று ஆகிவிட்டதால், அதில்தான் தினமும் சாப்பிடுகிறோம். இரண்டு தட்டு உடைந்துவிட்டது. உலகம் அப்படியேதான் இருக்கிறது.

முந்தாநாள் அப்பா உன் பேச்சைச் சொன்னதும் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். தட்டைக் கீழே வைத்தார். அப்புறம் தொடங்கினார் பார், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு சிரிப்பு. "அடி வாழக்கா யாவாரி மகளே! எம் புள்ள செடிக்கு மூட்டம் போட்டுட்டியா!" சிரித்து முடித்துவிட்டு, சிரிப்பே இல்லாத குரலில், "நாளன்னிக்கு மதுரைக்குச் சவாரி இருக்கு. எழுதிக் குடு. நான் கொண்டுபோயிக் குடுக்குறேன். வாய் வார்த்தையா நான் சொல்ல மாட்டேன், அது உன் சோலி" என்றார். அதனால்தான் இரண்டு நாளாக அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்குள் இரண்டு தடவை பால் பொங்கி வழிந்துவிட்டது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி இந்தக் கடிதத்தோடு எனக்குப் போய்விட்டது, தெரியும். ஆனாலும் அம்மா அல்லவா, இரண்டொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏதாவது கெட்டுப்போனால், உன் தப்பு என்று எழுதுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவர்களையும் ஒரு தடவை விசாரித்துப் பார். அவர்கள் உன்மேல் எவ்வளவு பாசமாக இருந்தாலும் சரி, பாசமாக இருந்தால் இன்னும் நன்றாக விசாரி. யாராவது பயந்துபோய் உன்னிடம் பொய் சொன்னது தெரிந்தால், சண்டை போட்டுவிட்டு அப்புறம் சேர்ந்துகொள். நீ யாரிடமாவது அப்படிச் சொல்லியிருந்தால், எட்டு மாதம் வைத்திருக்காதே, வாரம் ஆக ஆக நாக்கில் கனம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு நல்ல சாமான் வீட்டில் இருந்தால் அதில் சாப்பிடு. அப்புறம், தலையை நன்றாகத் துவட்டு. இதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

நீ கோவைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று இந்தக் கடிதம் எழுதவில்லை. பி.காம் உனக்குப் பிடித்துவிட்டது என்றால் இரு, நான் குறை சொல்ல மாட்டேன். உனக்குச் செடி வளர்க்கத் தெரியவில்லை என்பதற்காக மட்டும் இருக்காதே. உனக்குத் தெரியும். ஏதும் தெரியாத நான் நீ எழுதிவைத்ததை வரி பிசகாமல் பார்த்துச் செய்தே இத்தனை இலை வந்திருக்கிறது என்றால், எழுதியவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும்? கோவை என்றால் எனக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். வரப்பில் நடக்கும்போது பூட்ஸ் போடு என்று தினமும் போன் வரும். அந்தப் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், கயலு. அது என் சாமான். அதை இனிமேல் உன் பெட்டியில் வைத்து அனுப்ப மாட்டேன்.

இப்போது பெட்டியைத் திற. மேலே இருக்கிற பாசியை மெதுவாக எடு. அந்தக் கட்டையிலிருந்து பிரித்த குட்டி உள்ளே இருக்கிறது. ஒரே இலைதான், மலையிறங்கி வந்த அலுப்பில் கொஞ்சம் சுருண்டிருக்கும், பயப்படாதே. மதுரைச் சூட்டுக்கு அதற்குக் கண்ணாடிப் பெட்டியே வேண்டியதில்லை, ஈரம் மட்டும் போதும். மீதி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் தூபக்காலோடு ஹாலுக்குள் வந்தாலே அப்பா எழுந்து ஷோகேஸ் முன்னால் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். நானும் வாசலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறேன். உன் கேடயத்தையும் இந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி உன் நோட்டு இருக்கிறது. 'காரணம்' என்ற வரியில் நீ எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'அம்மா போட்ட சாம்பிராணி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நான் எழுதிய பக்கங்கள் அதற்குப் பின்னால், கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். அதுவும் முடிந்த இடத்தில் ஒரு புதுப் பக்கம். மேலே 'திங்கள்கிழமை' என்று மட்டும் போட்டு விட்டிருக்கிறேன். கீழே நீ எழுது.

இப்படிக்கு,
குளிர் தாங்காத உன் அம்மா